பட்டனில் ஒட்டிய டேப்

கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு இழப்பு என்று 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் போட்டுவைத்த கணக்கு இது. தகட்டை அழுத்தி உதிரிபாகம் செய்யும் பவர் பிரஸ் முன் நிற்பவருக்குத் தெரிந்ததோ ஷிப்டுக்கு எத்தனை பீஸ் என்ற கணக்குதான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும் என்பது பாதுகாப்பு ஏற்பாடு. வேகம் குறைகிறதென்று ஒரு பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டால், சும்மா இருக்கும் கை அச்சுக்குள் போகிறது. விரல் நசுங்கியதும் 'கவனக்குறைவு' என்று தொழிலாளி தலையில் பழி. ஆபத்தான பாகத்துக்குத் தடுப்பு போடுவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொல்லிவிட்டது. குருகிராம், மானேசர் வட்டாரத்தில் கை நசுங்கியவர்களைச் சந்தித்து 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு வெளியிடும் அறிக்கையின் பெயரே 'க்ரஷ்ட்', அதாவது 'நசுங்கியது'. அவர்களில் பலருக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு அட்டையே விபத்துக்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது. இந்த ஆலைகளிடம் உதிரிபாகம் வாங்கும் கார் நிறுவனங்கள் அதன் அளவை மைக்ரான் கணக்கில் சோதிக்கின்றன. அப்படியே பிரஸ் பக்கம் போய், பட்டனில் டேப் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வரட்டுமே.