புற்றுநோய் மருந்து: மக்கள் சொத்தா, கம்பெனிச் சரக்கா?

கணையப் புற்றுநோய் கொடிய வியாதி. இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் கணையத்தில் கட்டி வளர்வது வெளியே தெரிவதில்லை. மஞ்சள் காமாலையும் வயிற்றுவலியும் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, பெரும்பாலோருக்கு அறுவைச் சிகிச்சைக்குக் காலம் கடந்துவிடுகிறது.

கதிர்வீச்சால் கட்டியைக் கொல்லலாமே என்று கேட்கலாம். கட்டியை ஒட்டியே சிறுகுடல் இருக்கிறது. கதிரைக் கூட்டினால் குடல் புண்ணாகும். குறைத்தால் கட்டி சாகாது. பிரான்ஸ் முதலிய நாடுகளில் நடந்த ஒரு பெரிய சோதனையின் முடிவு 2016-ல் வெளிவந்தது. மருந்தோடு கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தும் நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி தேடினர். கதிரைக் கூட்டுவதல்ல, கதிரைத் தாங்கும் சக்தியைக் கட்டியிடமிருந்து பறிப்பதே அந்த வழி.

கதிர் பட்டதும் புற்றணுவுக்குள் இருக்கும் மரபு இழைகள் அறுகின்றன. பாவு இழை அறுந்தால் தறித் தொழிலாளி என்ன செய்கிறார்? தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறார். புற்றணுவும் அப்படியே. இரண்டாகப் பிரியும் வேலையை நிறுத்தி, அறுந்ததை ஒட்டிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. அப்படி நிறுத்தும் கை ‘வீ-1’ என்ற புரதம். அந்தக் கையைக் கட்டிப்போடும் மருந்து அடவோசெர்டிப். நிறுத்த வழியில்லாத புற்றணு, அறுந்த இழையோடே பிரியப் போய் மடிகிறது. நல்ல உயிரணுக்களுக்கு வேலையை நிறுத்த வேறு வழிகளும் உண்டு. கணையப் புற்றணுக்களில் பெரும்பாலானவை அவற்றை இழந்தவை.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக் கழக மருத்துவர்கள், அறுவைக்கு இடமில்லாத 34 நோயாளிகளுக்கு இதை ஜெம்சிடபின் மருந்துடனும் கதிர்வீச்சுடனும் சேர்த்துக் கொடுத்தனர். 2019-ல் முடிவு வெளியாயிற்று. பாதிப் பேர் 21.7 மாதங்களுக்கு மேல் உயிர் வாழ்ந்தனர். முன்பு இத்தகையவர்களுக்கு ஜெம்சிடபின் சிகிச்சையில் கிடைத்தது ஓராண்டு, சற்றே கூடுதல், அவ்வளவுதான். பசியின்மை, குமட்டல், சோர்வு போன்ற கடுமையான தொல்லைகள் 8 பேருக்கு வந்தன. 34 பேரை வைத்து வெற்றி முரசு கொட்ட முடியாது. ஒப்பிட இன்னொரு குழுவும் அதில் இல்லை. பெரிய சோதனை நடந்தால்தான் உண்மை தெரியும்.

நடந்தது என்ன? ஆராய்ந்தது பொதுப் பல்கலைக் கழகம். உடலைக் கொடுத்தவர்கள் நோயாளிகள். ஆனால் மருந்தின் உரிமை ஆஸ்ட்ராஜெனகா கம்பெனியிடம். 2022-ல் கம்பெனி அதன் வளர்ச்சிப் பணியைக் கைவிட்டது.

இம்மருந்து வென்றே தீரும் என்று நாம் சொல்லவில்லை. வெல்லுமா, தோற்குமா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது விஞ்ஞானமா, கம்பெனியின் கணக்குப் புத்தகமா? இதுவே நம் கேள்வி.

மாற்று வழி இல்லை என்பது பொய். ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் மருந்துக்கு பேயர் கம்பெனி மாதம் 2,80,000 ரூபாய்க்கு மேல் விலை வைத்திருந்தது. 2012-ல் இந்திய சர்க்கார் கட்டாய உரிமம் வழங்கியது. விலை 8,880 ரூபாயாக இறங்கியது. ஆனால் அதன்பின் பத்தாண்டு கடந்தும் இரண்டாவது உத்தரவு வரவில்லை. யாருக்கு அஞ்சி இந்தத் தயக்கம்?

மருந்து மட்டும் போதாது. கதிர்வீச்சுக்குப் பல வாரங்கள், வாரம் ஐந்து நாள் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருக்கும். இ.எஸ்.ஐ.யில் உள்ள ஆலைத் தொழிலாளிக்குப் புற்றுநோய் வந்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு 80 சதவீதச் சம்பளத்தோடு நீண்டகால நோய் உதவி உண்டு. அது சங்கங்கள் விழிப்போடு காக்கவேண்டிய உரிமை. வயலில் நாற்று நடும் தாய்க்கு அந்த உதவி இல்லை. ஒருநாள் வேலை நின்றால் அன்றே அடுப்பு அணைகிறது.

ஆகவே நாம் கோருவது: கம்பெனி கைவிடும் மருந்தைப் பொது ஆராய்ச்சி நிலையங்கள் எடுத்து நடத்தச் சட்டம் வேண்டும். எட்டாத விலைக்கு விற்கும் உயிர்காக்கும் மருந்துகளுக்குக் கட்டாய உரிமம் வேண்டும். மாவட்டந்தோறும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சு யந்திரம் வேண்டும். சிகிச்சைக் காலத்தில் விவசாயத் தொழிலாளிக்கும் கூலி வேண்டும்.

ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் கூலி உயர்வோடு இவற்றையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும். உழைப்பவன் உயிர், சந்தையில் விலை பேசும் பண்டம் அல்ல.