பிரயாணிக்கு வாய் எதற்கு?

மலைப்பாதையில் பஸ் உருண்டால் மறுநாள் நாம் மூன்று வார்த்தை சொல்லுகிறோம். முதல் வார்த்தை, 'ஐயோ!' இரண்டாவது, 'டிரைவர் தூங்கியிருப்பான்.' மூன்றாவது, 'விதி.' அதோடு விசாரணை முடிந்து போகிறது. எனக்கு அந்த மூன்றாவது வார்த்தையோடுதான் சண்டை.

2018 செப்டம்பர் 11ந் தேதி, தெலங்கானாவில் கொண்டகட்டு மலைச்சரிவில் அரசாங்க பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 60 பேருக்கு மேல் மாண்டார்கள். வண்டியில் இருந்தவர்கள் சுமார் 100 பேர். இரண்டு பஸ்ஸுக்கு உரிய கூட்டத்தை ஒரே பஸ்ஸில் அடைத்துச் சரிவில் இறக்குவதற்குப் பெயர் விதியா? நீண்ட இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்; பாரம் கூடக் கூடச் சூடும் கூடும். ஏறுவதற்குப் போடுகிற கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை டிரைவர்களுக்குப் பாடம் சொல்வது அதனால்தான். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைக்குத் தினமும் பஸ் போய்த் திரும்புகிறதே, அதற்கும் விதியையா வாழ்த்துகிறோம்? போகும்போது டிரைவரின் கைத்திறமை, விழும்போது மட்டும் விதி! நல்ல நியாயம்!

சட்டம் இல்லையோ என்று கேட்காதீர்கள். தாராளமாக இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை; தொடர்ந்து 5 மணி நேரம் உழைத்தவனுக்கு அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் கலெக்ஷனைப் பார்த்து பேட்டா கொடுக்கிற முதலாளியின் பஸ்ஸில், முன்னால் போகிற வண்டியை முந்தினால்தான் டிரைவர் வீட்டில் அரிசி. அவன் மிதிக்கிற ஆக்ஸிலேட்டரில் முதலாளியின் காலும் இருக்கிறது.

அதிகாரி எப்போதாவது ஒரு நாள் வண்டியை நிறுத்திப் பார்ப்பார். அந்த வண்டிக்குள்ளேயே தினம் ஐம்பது இன்ஸ்பெக்டர்கள் உட்கார்ந்து போகிறார்களே, அவர்கள் யார்? நாம்தான். நம் உயிரைத் தவிர வேறு சம்பளம் வாங்காத இன்ஸ்பெக்டர்கள்!

கென்யா நாட்டில் மடாட்டு என்று சொல்லப்படும் சிற்றுந்துகளின் வேகம் பேர்போனது. அங்கே 2008ல் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். வண்டிக்குள்ளே சீட்டு ஒட்டினார்கள். 'டிரைவர் கண்மண் தெரியாமல் ஓட்டினால் சும்மா இராதே, வாயைத் திற' என்பது அதன் சாரம். சீட்டைக் கிழிக்காமல் வைத்திருக்கும் டிரைவர்களுக்கு லாட்டரிப் பரிசு உண்டு. காயம், சாவு சம்பந்தப்பட்ட இன்ஷூரன்ஸ் கோரிக்கைகள் பாதியாகக் குறைந்தன. பிறகு இன்னும் அதிக வண்டிகளில் ஒட்டிப் பார்த்தார்கள். 2015ல் வெளியான அந்த முடிவிலும் விபத்துக் கோரிக்கைகள் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்திருந்தன. மலையைக் குடையவில்லை, சாலையை அகலமாக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதம்!

நம் ஊரில் என்ன நடக்கும்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறேன். வளைவில் லாரியை முந்தப் போன டிரைவரிடம் ஒரு பெரியவர், "தம்பி, கொஞ்சம் நிதானமாப் போங்க" என்றார். டிரைவர் பேசவில்லை. பின் ஸீட்டிலிருந்து ஒரு படித்த கனவான், "உசிருக்கு அவ்வளவு பயமிருந்தா மாட்டு வண்டியிலே வரலாமே, பெரியவரே!" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. சில்லறை குறைந்தால் கண்டக்டரோடு மல்லுக்கு நிற்கிற ஜனங்கள், நாற்பது உயிர் குறையப் போகும்போது கேட்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

'களைத்த டிரைவரை எல்லோருமாகச் சேர்ந்து அதட்டுவதா?' என்று சிலர் கேட்பார்கள். அதட்ட வேண்டாம், நேரே சொல்லுங்கள். "எத்தனை மணி நேரமாக ஓட்டுகிறீர்கள்?" என்று அவரையும் கேளுங்கள். அந்தப் பதிலோடு முதலாளிக்கும் போக்குவரத்து அதிகாரிக்கும் எழுதுங்கள். பாதிக் கோபத்தை அங்கே அனுப்புங்கள். படிக்கட்டில் பத்துப் பேர் தொங்கும் பஸ்ஸில் பதினோராவது ஆளாக ஏறாதிருங்கள். நாம் பேசினால் வளைவு நிமிர்ந்துவிடாது. ஆனால் அதில் திரும்புகிற வேகம் குறையும்.

அடுத்த தடவை சிரிப்புக் கேட்டால், சிரிக்காத ஒருவராவது அந்தப் பெரியவர் பக்கம் எழுந்து நின்று, "ஆமாம், மெதுவாகப் போங்கள்" என்று சொல்லட்டும். இரண்டு குரல் கேட்டால் மூன்றாவது தானே வரும்.