யார் செலவில் யார் கணக்கு?

பசித்தவனுக்கு வேண்டியது சோறா, புள்ளிவிபரமா என்று நம் நண்பர்களிற் சிலரே கேட்கின்றனர். வறிய நாடுகளின் புள்ளிவிபரத் திணைக்களங்களுக்குப் பணம் ஒதுக்குவது அதிகாரிகளுக்கு நாற்காலி தேடும் வேலை என்பது அவர்தம் எண்ணம். கேள்வி நியாயமானது போலத் தோன்றினும் அடிப்படையிலேயே பிழையானது. பிறப்புப் பதியப்படாத குழந்தை இறந்தால், பெரும்பாலும் அவ்விறப்பும் பதியப்படுவதில்லை. எந்த மந்திரியும் அதற்கு விடை கூற வேண்டியதில்லை. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இவ்வாறு பதிவின்றியே வாழ்கின்றனர்.

எண்ணுதல் ஏகாதிபத்தியம் அறியாத கலையன்று. ஆபிரிக்கக் குடிசைகளை அது எண்ணியது. குடிசைவரி அறவிடுவதற்காக எண்ணியது. அந்தக் கணக்கை மக்களின் கணக்காக மாற்றியிருக்க வேண்டிய சுதந்திர அரசுகளை, எண்பதுகளில் நாணய நிதியமும் உலக வங்கியும் விதித்த சிக்கனம் வந்து அமுக்கியது. புள்ளிவிபரத் திணைக்களங்கள் மெலிந்தன. விளைவு யாது? 2014இல் நைஜீரியா, 1990ஆம் ஆண்டை அடியாண்டாகக் கொண்ட பழைய கணக்கை விடுத்துப் புதிதாகக் கணித்தபோது, அதன் தேசிய உற்பத்தி ஒரே நாளில் நூற்றுக்கு 89 பங்கு உயர்ந்தது. அதுவரை அந்நாட்டுக்கு ஆலோசனை வழங்கிய நிபுணர்கள் எந்த நாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களோ, நாமறியோம்.

இந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததே அந்நிய உதவி. 1984இல் அமெரிக்க அரசின் பணத்துடன் தொடங்கிய குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வுத் திட்டம் தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடுகளில் நானூறுக்கு மேற்பட்ட ஆய்வுகளை நடத்தியது. அதன் பயனை நாம் மறுக்கவில்லை. பல நாடுகளில் தாய்மாரின் மரணமும் சிசுக்களின் மரணமும் அதனாலேயே தெரியவந்தன. ஆயினும் பணம் கொடுத்தவனே வினாவையும் வகுத்தான். மூன்றாம் உலகின் சனப்பெருக்கம் பற்றிய கவலையிற் பிறந்த அத்திட்டம், கருத்தடையைப் பற்றி நுணுக்கமாக வினவும். குடும்பத்தின் கூலி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேளாது. வீட்டில் வானொலி உண்டா, தரை மண்ணா சீமெந்தா என்று பார்த்து வறுமையை ஊகிக்கும்.

2025 பெப்ரவரியில் வாஷிங்டன் அத்திட்டத்தை நிறுத்தியது. பல நாடுகளில் ஆய்வுகள் பாதிவழியில் நின்றன. பின்னர் கேட்ஸ் அறக்கட்டளை இடைக்கால உதவிக்கு முன்வந்தது. வல்லரசு கைவிட, கோடீசுவரர் கைகொடுக்க, தன் குழந்தைகளில் எத்தனை இறந்தன என்பதை அறிய ஓர் அரசு இருவர் வாயிலிலும் காத்துநிற்கிறது! இதனை உதவி என்பதா, பராதீனம் என்பதா?

வரும் பணத்தைத் திருப்பியனுப்புக என்று நாம் கூறவில்லை. உலகின் அபிவிருத்தி உதவியில் புள்ளிவிபரத்துக்குச் செல்வது நூற்றுக்கு அரைப் பங்கிலும் குறைவே, அது பெருகட்டும். ஆனால் நாலாண்டு ஆய்வுகளாகவும் ஜீப் வண்டிகளாகவும் வந்து மறையாமல், நிரந்தரப் பதிவாளரையும் நிரந்தர ஊழியரையும் உருவாக்கும் பணமாக வரட்டும். அவர்களின் சம்பளத்தை அவ்வந்நாட்டு அரசே தன் வரவுசெலவுத் திட்டத்தில் ஏற்கட்டும்.

இது ஆகாத காரியமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இலங்கையில் பிறப்பும் இறப்பும் பதியப்பட்டு வருகின்றன. 1946இல் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 20ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் ஏறத்தாழ 14ஆகக் குறைந்ததை உலகறியச் செய்தவை நமது பதிவேடுகளே. அது டி.டி.டி. மருந்தின் சாதனையா, வைத்தியசாலைகளும் உணவும் பெருகியதன் பயனா என்று அறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட முடிந்ததும் மாவட்டந்தோறும் கணக்கு இருந்தமையாலேயே. அந்தப் பதிவேடுகளின் பின்னால் எந்தக் கொடையாளரும் நிற்கவில்லை. கிராமப் பதிவாளர்களே நின்றனர்.

அப்பதிவாளரின் வேதனம் சலிப்பூட்டும் செலவுதான். அதற்குத் திறப்புவிழா இல்லை, பெயர்ப்பலகை இல்லை. கொடையாளர் அதை விரும்பாமைக்கும், சிக்கனக் கத்தி முதலில் அதன்மேல் விழுவதற்கும் காரணம் இதுவே. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் சங்கங்களும் கல்விக்கான ஒதுக்கீட்டைப் பார்ப்பது போலவே, வரவுசெலவுத் திட்டத்தில் இந்த ஒரு வரியையும் தேடிப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று கேட்க வேண்டும்.