விமானத்தில் இன்சுலின் கொண்டு போகலாமா?

காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு வயது 58. எட்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனாருக்கு வைகாசியில் பிரசவம். மாமியார் இரண்டு மாதம் அங்கே போய் இருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் நெல், வீட்டுக்குள் ஒரு பட்டுத் தறி, இரண்டு கறவை மாடு என்று வேலை இருப்பதால் துணைக்கு யாரும் போக முடியாது. அந்த அம்மா விமானம் ஏறுவது இதுதான் முதல் முறை. 'ஊசியையும் மருந்தையும் ஏர்போர்ட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் புடவைக்கு நடுவே சுருட்டி வைத்துவிடுங்கள்' என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா என்பதுதான் கேள்வி.

கூடவே கூடாது. இன்சுலினைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான யோசனை வேறு இல்லை. பெரிய பெட்டி நம் கையை விட்டு விமானத்தின் அடியில் இருக்கும் சரக்கு அறைக்குப் போகிறது. விமானம் பறக்கும் உயரத்தில் வெளியே கடும் குளிர். சரக்கு அறையில் எந்த மூலையில் எவ்வளவு குளிர் இறங்கும் என்று பெட்டியை ஒப்படைத்தவருக்குத் தெரியாது. இன்சுலின் ஒரு புரதம். ஒருமுறை உறைந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. திரும்ப உருகிய பிறகு பழைய மாதிரியே தெரியலாம். ஆனால் போட்டால் சர்க்கரை இறங்காது. மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிது அல்ல. கோமாரித் தடுப்பூசி மருந்தை ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் போட்டால், ஊசி போட்ட கணக்குதான் மிஞ்சும், மாட்டுக்குக் காப்பு இருக்காது. அதே கதைதான்.

இன்னொன்று, பெட்டி தவறிப்போவதும் அடுத்த விமானத்தில் வருவதும் உண்டு. புடவை இரண்டு நாள் கழித்து வந்தால் பரவாயில்லை. இன்சுலின் இரண்டு நாள் இல்லாமல் இருக்க முடியாது. ஆகவே மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இருக்கையில் அமர்ந்தால் காலடியில், கைக்கு எட்டும் இடத்தில்.

பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்துக்கு வருவோம். வெளிநாட்டு விமானங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் திரவம் கொண்டுபோக முடியாது என்பது விதி. ஊரில் இந்தப் பேச்சுதான் திரிந்து 'மருந்தே கூடாது' என்று ஆகியிருக்கிறது. ஓர் இன்சுலின் குப்பி 10 மில்லி. பேனா ஊசிக்கான குப்பி 3 மில்லி. அளவே தடை வரம்புக்குள் வராது. அதோடு, நோயாளி தனக்காகக் கொண்டுபோகும் மருந்துக்கு, டாக்டர் சீட்டு இருந்தால் விதிவிலக்கும் உண்டு. இன்சுலினோடு சேர்த்து அதற்கான சிரிஞ்சும் ஊசியும் போகலாம். மருந்து இல்லாமல் வெறும் சிரிஞ்சாக இருந்தால்தான் கேள்வி வரும்.

மீனம்பாக்கத்தில் பையைச் சோதிப்பவர்கள் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர். இன்சுலின் பை அவர்களுக்குத் தினமும் பார்க்கிற பொருள். பையை இயந்திரத்தில் வைப்பதற்கு முன்பே, 'சுகர் ஊசி மருந்து இருக்கிறது' என்று சொல்லிச் சீட்டை நீட்டினால் போதும். 'இன்சுலின்' என்ற ஒரு சொல் தமிழ் தெரியாதவருக்கும் புரியும். சுருட்டி ஒளித்து வைத்தால்தான் சந்தேகம்.

சீட்டு என்றவுடன் ஒரு சிக்கல். கிராமத்தில் பலர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்குகிறார்கள். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை பலருக்கு வீட்டுக்கே வருகிறது. கையில் இருப்பது நோட்டுப் புத்தகமோ அட்டையோதான். அது இங்கே போதும், சிங்கப்பூர் அதிகாரிக்குப் போதாது. சுகாதார நிலைய மருத்துவரிடமோ காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலோ, ஆங்கிலத்தில் முத்திரையோடு ஒரு கடிதம் கேட்டு வாங்க வேண்டும். நோய் என்ன, இன்சுலினின் பெயர், ஒரு மில்லியில் எத்தனை யூனிட், காலை எத்தனை, இரவு எத்தனை, சிரிஞ்சு தேவை என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். மருத்துவமனைச் சீட்டில் 'கன்னியம்மா' என்றும், பாஸ்போர்ட்டில் முழுப்பெயரோடு கணவர் பெயரும் சேர்ந்தும் இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று எப்படி நம்புவார்கள்? கடிதத்தை மூன்று நகல் எடுத்து ஒன்றைக் கைப்பையில், ஒன்றைப் பெரிய பெட்டியில், ஒன்றை மகளின் போனில் வைத்துவிடலாம். மருந்துக் குப்பிகளை அட்டைப்பெட்டியோடு, கடைச் சீட்டோடு கொண்டுபோவது நல்லது.

அளவைக் கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். காலை 20, இரவு 12 என்றால் ஒரு நாளைக்கு 32 யூனிட். 60 நாளைக்கு 1,920. நம் ஊர்க் குப்பி ஒன்றில் 400 யூனிட். ஐந்து குப்பி சரியாக வரும். உடைவது, கெடுவது, பயணம் தள்ளிப்போவது என்று பார்த்து ஏழாக எடுத்துக்கொள்ளலாம். சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை சிங்கப்பூர் அனுமதிக்கிறது என்பதால் அதில் தடை இல்லை.

ஏன் அங்கே போய் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று கேட்கலாம். இந்தப் பதிலில் எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிங்கப்பூர், வளைகுடா, அமெரிக்கா எங்கே போனாலும் கடையில் கிடைப்பது மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 40-க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100-க்கானது ஆரஞ்சு. இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் அங்கே வாங்கிய மருந்தை 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது அரை மில்லி, அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! தூக்கத்திலேயே சர்க்கரை இறங்கி நினைவு தப்பலாம், உயிருக்கே ஆபத்து. தலைகீழாக, நம் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது 8 யூனிட்தான். சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். காரணம் தெரியாமல் வீடே திண்டாடும்.

வேப்பெண்ணெய்ப் பூச்சிக்கொல்லி வாங்குகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அசாடிராக்டின் 1,500 பிபிஎம் டப்பாவும் உண்டு, 10,000 பிபிஎம் டப்பாவும் உண்டு. இரண்டையும் ஒரே மூடியால் அளந்து டேங்கில் ஊற்றினால் என்ன ஆகும்? பயிருக்கு வந்த சேதத்தை அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம். இது உடம்பு. 40 மருந்துக்கு 40 சிரிஞ்சு, 100 மருந்துக்கு 100 சிரிஞ்சு. அங்கே வாங்க நேர்ந்தால் மருந்தோடு சிரிஞ்சையும் அங்கேயே வாங்கிவிட்டு, சிவப்பு மூடிகளை எடுத்துத் தனியே கட்டி வைத்துவிட வேண்டும். பேனா ஊசி போடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை; இந்தியாவிலும் பேனாவில் வருவது பெரும்பாலும் 100-தான். ஆனால் பேனாக் குப்பியிலிருந்து சிரிஞ்சால் இழுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை அடியோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்தது வெயில். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடி வருவது தனிக் கதை. இன்றைக்குக் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு விமான நிலையம் என்றால் மீனம்பாக்கம்தான். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நெரிசலில் மாட்டினால் இரண்டு மணி நேரம். அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போக வேண்டும். பறப்பது நான்கு மணி நேரம். ஆக, வீட்டு ஃப்ரிட்ஜை விட்டு மகள் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் போக பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பயப்பட வேண்டாம். திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைப்பது நீண்ட நாள் சேமிப்புக்கு. உபயோகத்தில் இருக்கும் குப்பி 25, 30 டிகிரியில் சுமார் நான்கு வாரம் தாங்கும். கெடுப்பது நேரடி வெயிலும் மூடிய காரும்தான். வைகாசி வெயிலில் டீ குடிக்க இறங்கும்போது மருந்துப் பையை வண்டியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

வாயகன்ற தெர்மாஸ் பிளாஸ்க்கைக் குளிர்ந்த நீரால் அலசிக் கொட்டிவிட்டு, குப்பிகளைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்தால் போதும். ஐஸ் கட்டியை மருந்தோடு ஒட்டி வைக்கக் கூடாது, உறைந்துவிடும். விமானப் பணிப்பெண்ணிடம் கொடுத்து ஐஸ் பெட்டியில் வைக்கச் சொல்வதும் வேண்டாம். பயணிகள் இருக்கும் பகுதியின் குளிர்ச்சியே போதுமானது. போய்ச் சேர்ந்ததும் குப்பிகளை ஒருமுறை பார்க்க வேண்டும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, பால்போல் இருக்கும் மருந்தில் கட்டி தட்டியிருந்தாலோ, கண்ணாடிச் சுவரில் பனிபோல் ஒட்டியிருந்தாலோ தூக்கிப் போட்டுவிட வேண்டும். (வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாதவர்களுக்கு: பெரிய மண்சட்டியில் ஈர மணல், அதன் நடுவே சிறிய மண்கலயம், அதற்குள் மருந்து. நிழலில் வைத்து மணலை நனைத்துக்கொண்டே இருந்தால் கோடையிலும் காக்கும்.)

சாப்பாட்டு விஷயம். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். இந்தச் சிறிய வித்தியாசத்துக்கு ஊசி நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கடிதம் வாங்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிவிடலாம். அமெரிக்கா போகிறவர்களுக்கு நாளே நீண்டுவிடும் என்பதால் டோஸையே மாற்ற வேண்டியிருக்கும். கேட்காமல் கிளம்பக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே ஊசி போட வேண்டும். தருவார்கள் என்று நம்பிப் போட்டுவிட்டு, விமானம் குலுங்குவதால் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். மலிவு டிக்கெட் விமானங்களில் சாப்பாடு விலைக்குத்தான். சில நேரம் தீர்ந்தும்விடும். கையில் கட்டுச்சோறு இருக்கட்டும். காஞ்சிபுரத்தில் இதற்கு யோசிக்கவே வேண்டாம். மந்தாரை இலையில் வேகவைத்த, மிளகும் சுக்கும் சீரகமும் போட்ட கோயில் இட்லி சீக்கிரம் கெடாது, சட்னியும் தேவையில்லை. ஆனால் அதுவும் அரிசிதான். வழக்கமாகச் சாப்பிடும் அளவே எடுக்க வேண்டும்.

படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பொடி. கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. கடலை மிட்டாய் இதற்கு ஆகாது. எண்ணெய்ச் சத்து இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். பக்கத்து இருக்கைக்காரரிடம், 'எனக்குச் சுகர், மயங்கினால் பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுவதில் வெட்கம் எதற்கு? நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று கிளம்புகிற அன்று விரதம் இருப்பவர்களும் உண்டு. இன்சுலின் போடுகிறவர்கள் அந்த வேண்டுதலைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.

காலைப் பற்றி ஒரு வார்த்தை. வயலில் வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடந்தவருக்கு, பயணத்துக்கென்று புது ஷூ வாங்கி மாட்டிவிடுகிறோம். சர்க்கரையால் மரத்த காலுக்குக் கொப்புளம் வந்தது தெரியாது. புண்ணாகி நாறிய பிறகுதான் தெரியும். பழகிய செருப்பே நல்லது. விமான நிலையத்தில் நடை அதிகம் என்பதால், முடியாதவர்கள் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு, கட்டணம் உண்டா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும். பேத்திக்கோ பேரனுக்கோ என்று வீட்டு மரத்துக் கொப்பரையைப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய்ச் சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் கொப்பரைக்கு அனுமதி கிடையாது.

இதே கேள்வியைத் துபாயில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகும் இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார். அவருக்கும் இன்சுலின் பதில் இதுதான். ஆனால் கால் எரிச்சலுக்கு இங்கே பரவலாக எழுதித் தரும் பிரீகபாலின் மாத்திரையும், டிரமடால் என்ற வலி மாத்திரையும் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் வழக்கே வரும். மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பி, அங்கே ஆன்லைனில் அனுமதி வாங்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் மாற்று மாத்திரை என்ன என்று மருத்துவரிடம் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள்; மாற்று மாத்திரை ஒத்துக்கொள்கிறதா என்று ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.