வாட் எண்ணுக்கு அருகில் என்ன எழுதியிருக்கிறது?

விழாக்கால விற்பனை தொடங்கியதும் ஒலிக்கருவிகளின் அட்டைப்பெட்டிகளில் எண்கள் பருத்துவிடுகின்றன. சிறிய கணினி ஸ்பீக்கர்களின் பெட்டிகளில்கூட நூற்றுக்கணக்கான ‘வாட் பி.எம்.பி.ஓ.’ என்று அச்சிட்டு விற்ற காலம் ஒன்று இருந்தது. அவற்றுக்கு மின்சாரம் அளித்த அடாப்டரோ சில வாட்டுகளுக்குமேல் தர இயலாதது. பி.எம்.பி.ஓ.வுக்கு அனைவரும் ஏற்ற அளவீட்டு முறை எதுவும் கிடையாது. ஆகவே எந்த எண்ணையும் எழுதலாம்.

இதைக் காட்டி, விவரக்குறிப்புகளே வீண், காதால் கேட்டு வாங்குவதே வழி என்பாருடன் நாம் உடன்படவில்லை. கடை இரைச்சலில் சற்று உரக்க ஒலிப்பதே சிறந்ததாகத் தோன்றும். இணையத்தில் வாங்குவோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. எண்கள் உதவும், ஆனால், அவை எந்த நிபந்தனையில் அளக்கப்பட்டன என்பதும் உடன் இருக்க வேண்டும். ‘10 விழுக்காடு வட்டி’ என்றதும், முழுத் தொகைக்கா, குறைந்துவரும் நிலுவைக்கா என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வாட்டையே எடுத்துக்கொள்வோம். 60 வாட் ஆம்ப்ளிஃபயருக்கும் 80 வாட் ஆம்ப்ளிஃபயருக்கும் ஒலி அளவில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.25 டெசிபெல், காதுக்கு அது அரிதாகவே புலப்படும். ஒலி இருமடங்காகக் கேட்க ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். இதைவிடப் பயனுள்ள எண் ஸ்பீக்கரின் உணர்திறன். 1 வாட் ஆற்றலில், 1 மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கர், 87 டெசிபெல் தருவதன் பாதி ஆற்றலிலேயே அதே அளவு ஒலிக்கும். விற்பனையாளர் பெரும்பாலும் வாட்டைத்தான் சொல்வார். உணர்திறனை நாம்தான் கேட்க வேண்டும்.

‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பதும் அவ்வாறே. அருகில் ‘±3 டெசிபெல்’ போன்ற ஏற்ற இறக்க வரம்பு இல்லையெனில் அது மனிதச் செவியின் வரம்பைச் சொல்கிறதேயன்றிக் கருவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சவுண்ட்பார்களின் வாட் கணக்கைப் பலமுறை 10 விழுக்காடு ஒலிச்சிதைவில் அளந்து எழுதுகிறார்கள். அந்த நிலையில் எவரும் பாட்டுக் கேட்க விரும்பமாட்டார். மாறாக, நல்ல ஆம்ப்ளிஃபயர்களில் 0.05, 0.01 விழுக்காடு என்ற போட்டிக்குப் பணம் கொடுப்பது வீண். ஸ்பீக்கரின் சிதைவே அவற்றைவிட மிகுதி. ஓம் எண்ணையும் பொருத்திப் பார்க்க வேண்டும்: 8 ஓமுக்கென அமைந்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் அது சூடேறிப் பழுதாகக்கூடும்.

அமெரிக்காவில் ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை விளம்பரப்படுத்துவோர் ஓம், அதிர்வெண் வரம்பு, சிதைவு ஆகியவற்றையும் சொல்ல வேண்டும் என்ற விதி 1974இல் வந்தது. நிபந்தனைகளைத் தயாரிப்பாளரே தேர்ந்துகொள்ள இடமிருந்ததால், 2024இல் அவற்றையும் விதியே வரையறுத்தது. நம் நாட்டிலும் அத்தகைய விதி தேவை எனக் கருதுகிறோம்.

எந்த அட்டையிலும் இராத ஒன்றும் உண்டு: நம் கூடம். டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கான்கிரீட் கூரை என்றிருக்கும் அறையில் ஒலி எதிரொலித்துக் குழம்பும். அங்கே தவணையில் வாங்கும் கூடுதல் 100 வாட்டைவிடத் தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் மிகுதியாகப் பயன் தரும். வீட்டில் ஒலித்துப் பார்த்துத் திருப்பித்தர எத்தனை நாள் அவகாசம் என்பதையும் பணம் செலுத்துமுன் எழுத்தில் பெற்றுக்கொள்ளலாம்.