‘பரிமாறவும்’ என்பதற்குப் பிறகு

கோடை விடுமுறை தொடங்கியதும் பெண்கள் இதழ்களும் கைப்பேசிக் காணொளிகளும் ஒரே குரலில் பேசத் தொடங்கிவிடுகின்றன: குழந்தைகளோடு சேர்ந்து வீட்டிலேயே குச்சி ஐஸ் செய்யுங்கள். ஆரோக்கியம், சிக்கனம், பிள்ளைகளுக்குக் கைவேலைப் பழக்கம், தாய்க்கும் பிள்ளைக்கும் நெருக்கம் என்று நான்கு நன்மைகளை அடுக்குவார்கள். நான்கையும் நான் மறுக்கவில்லை. ஐந்தாவதாக ஒன்று நடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. எந்த வேலை யாருடையது என்பதை அந்தக் குச்சி ஐஸ் வழியாகவே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். கற்றுக்கொடுப்பவள் பெரும்பாலும் தாய். பெண்ணியம் பேசுகிற, பாடம் நடத்துகிற, கவிதை எழுதுகிற தாயும் அதில் அடக்கம். என்னையே சாட்சியாக வைத்துச் சொல்கிறேன்.

மதுரையில் மே மாதம். விடைத்தாள் மதிப்பீடு முடிந்து வீடு திரும்பினால் இரவு வரை உடம்பில் சூடு இறங்காத நாட்கள். பன்னிரண்டு வயது மகனும் ஒன்பது வயது மகளும் சேமியா ஐஸ் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்தோம். ஒரு லிட்டர் பாலைக் கிளறிக் கிளறிப் பாதியாகச் சுண்டவைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. சேமியாவை வேகவைத்து, சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்து, ஆறவைத்தேன். பிறகுதான் பிள்ளைகளைக் கூப்பிட்டேன். மகன் கரண்டியால் அச்சில் ஊற்றினான். மகள் குச்சிகளைச் செருகினாள். ஏழெட்டு நிமிடம். அவர்களுடைய அப்பா அதைக் கைப்பேசியில் படமெடுத்து உறவினர் குழுவில் போட்டார். ‘பிள்ளைகளே செய்த ஐஸ்’ என்று எழுதியிருந்தார்.

ஊற்றி முடித்ததும் மகன் எழுந்து போய்விட்டான். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், “பாப்பா, அந்தக் கரண்டியையும் கிண்ணத்தையும் கழுவி வச்சிரு” என்றேன். கூடத்திலிருந்து அத்தை, “பொம்பளப் புள்ள, பழகட்டும்” என்றார். மகள் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்: “ஊத்துனது அண்ணன்தானே? கழுவுறது மட்டும் ஏம்மா நானு?”

பெண்ணிய இலக்கியத்தை ஒரு பருவம் முழுக்க நடத்துகிறவள் நான். என்னிடம் பதில் இல்லை. “சரி சரி, சீக்கிரம்” என்றேன். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்தேன். அது மறுநாள் காலையில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு. அவருடைய பிள்ளைகளுக்கும் விடுமுறைதான். அவர்களை வீட்டில் விட்டுவிட்டு வந்துதான், நானும் என் பிள்ளைகளும் நெருக்கமாக இருந்ததன் மிச்சத்தை அவர் சுரண்டித் தேய்த்தார்.

மறுநாள் மாலை ஐஸை எடுத்தோம். அச்சில் ஆறு குழி. வீட்டில் ஐந்து பேர். பிள்ளைகள் இருவர், அத்தை, அவர் என்று நான்கு போனது. மகன் இன்னொன்று கேட்டான். அவரும் இன்னொன்று எடுத்துக்கொண்டார். ஆறும் தீர்ந்தது. என் பங்கை யாரும் பறிக்கவில்லை. “எனக்கு வேணாம், பல் கூசுது” என்று நானே சொன்னேன். எனக்குப் பல் கூசுவதில்லை. அந்தப் பொய்யையும் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பாத்திரம் தேய்த்தவரின் பிள்ளைகளோ அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அன்றிரவு நான் பின்பற்றிய சமையல் குறிப்பை மறுபடி படித்தேன். பாலைக் காய்ச்சவும். ஆறவிடவும். அச்சில் ஊற்றவும். எட்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைக்கவும். பரிமாறவும். அதோடு முடிந்துவிட்டது. நான் படித்த எந்தச் சமையல் குறிப்பும் ‘பாத்திரத்தைத் தேய்க்கவும், தரையில் சிந்திய பாலைத் துடைக்கவும், எறும்பு வராமல் பார்க்கவும்’ என்று முடிந்ததில்லை. தமிழ் படித்தவளாக இன்னொன்றையும் கவனித்தேன். இந்த வாக்கியங்களில் எழுவாய் இல்லை. ‘காய்ச்சவும்’ என்ற ஏவலுக்குப் பால் வேறுபாடும் இல்லை. ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், பலருக்கும் பொருந்தும். இலக்கணம் எல்லோரையும் பார்த்துத்தான் சொல்கிறது. வீடுதான் அதைப் பெண்பால் ஒருமையாகப் படிக்கிறது.

குச்சி ஐஸின் கதையாகச் சொல்லப்படுவதும் இப்படித்தான் பாதியில் நிற்கிறது. 1905இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஃபிராங்க் எப்பர்சன் என்ற பதினொரு வயதுச் சிறுவன், சோடாப் பொடி கலந்த தண்ணீரைக் கலக்கும் குச்சியோடு இரவு முழுக்க வெளியே மறந்து வைத்துவிட்டான், குளிரில் அது உறைந்துபோனது என்பது கதை. 1920களில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பையனின் மறதி கண்டுபிடிப்பாகிவிட்டது. என் மகள் ஒரு டம்ளரை இரவு முழுக்க வெளியே மறந்து வைத்தால் அதற்குப் பெயர் பொறுப்பின்மை. கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்கு 1843இலேயே காப்புரிமை பெற்றவர் நான்சி ஜான்சன் என்ற பெண். அவரைப் பற்றி எந்தக் கோடைச் சிறப்பிதழிலும் நான் படித்ததில்லை.

எங்கள் ஊரிலேயே பாருங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கப் போனால் சுண்டிய பாலும் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் கலந்து தருகிற கைகள், நான் பார்த்தவரை, ஆண்களின் கைகள். அங்கே பால் சுண்டவைப்பது தொழில் ரகசியம். அதே பாலை வீட்டில் ஒரு பெண் சுண்டவைத்தால் அது பாசம். தொழிலுக்குக் கூலி உண்டு. பாசத்துக்குக் கூலி கேட்பவள் கெட்ட தாய்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிடுகிறார்கள், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம் என்றது அது. ஈடுபடுபவர்களே பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம்தான். அந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்தே ஆட்களை எண்ணத் தொடங்குகிறது. ஒன்பது வயது மகள் கழுவிய கரண்டியும் அந்தக் கணக்கில் சேரக்கூடியதுதான்.

“அப்படியென்றால் கடையில் வாங்கித் தர வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள், மறுநாளே வண்டிக்கார ஐஸ் வாங்கித் தந்தால் “என்ன தண்ணியோ” என்பார்கள். தண்ணீர் பற்றிய பயம் நியாயமானது. கெட்ட தண்ணீரில் உறைந்த ஐஸ் குழந்தையை நோயில் தள்ளும். மீனையும் பிற பொருள்களையும் குளிர்விக்கப் பயன்படும், சாப்பிடத் தகாத ஐஸில் நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது இதற்காகத்தான். அது அரசின் வேலை, ஆய்வாளரின் வேலை. அந்த வேலை சரியாக நடக்காதபோது அதையும் தாயின் தலையில் வைக்கிறோம். “என்ன தண்ணியோ” என்பதற்குப் பின்னாலேயே “யார் கை பட்டதோ” என்பதும் வருகிறது. அது கிருமியைப் பற்றிய பயம் இல்லை, சாதி. வீட்டு ஐஸின் ‘சுத்தம்’ பற்றிப் பெருமைப்படும்போது நாம் எந்தச் சுத்தத்தைச் சொல்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

“குழந்தைக்கு ஐஸ் செய்து கொடுப்பதிலும் பெண்ணியமா? அந்தச் சந்தோஷத்தையும் கெடுக்க வேண்டுமா?” என்று என் மாணவி ஒருத்தி வகுப்பில் கேட்டாள். நல்ல கேள்வி. அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. உறைந்த குச்சியை அச்சிலிருந்து உருவும்போது பிள்ளைகளின் முகத்தில் வருவது எனக்கும் வேண்டும். நான் அவளிடம் திருப்பிக் கேட்டது இதுதான்: “உங்க வீட்ல ஐஸ் செஞ்சா அந்த அச்சைக் கழுவுறது யாரு?” வகுப்பே சிரித்தது. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்ததால் வந்த சிரிப்பு. அவளும் சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

ஆகவே ஐஸ் செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. குறிப்பை முழுசாக எழுதுங்கள் என்கிறேன். ‘பரிமாறவும்’ என்பதற்குக் கீழே மீதியையும் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு பெயர் போடுங்கள். ஊற்றியவர் கழுவட்டும். படமெடுத்தவர் பாலைக் கிளறட்டும், அந்த முக்கால் மணி நேரத்தில் நீங்கள் படியுங்கள், எழுதுங்கள், சும்மாவும் இருங்கள். வீட்டுக்கு வேலைக்கு வருபவரின் பெயரை அந்தப் பட்டியலில் ஒளித்துவைக்காதீர்கள். ஊறவைத்த பாத்திரத்தை இன்னொரு பெண்ணிடம் தள்ளிவிட்டு நான் விடுதலை பெற்றுவிட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கும் இல்லை. ஆறு குழி இருந்தால் உங்கள் பங்கை முதலில் எடுத்துவையுங்கள். மகள் பார்க்கும்படி சாப்பிடுங்கள்.

அடுத்த ஞாயிறு அப்படி ஒரு பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அத்தை அதை நின்று படித்தார். “எங்க காலத்துல இப்படி எழுதி ஒட்ட ஒரு கதவு இல்லம்மா” என்றார். கேலியா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மகன் முணுமுணுத்துக்கொண்டே அச்சைக் கழுவினான். சரியாகக் கழுவவில்லை. குழிகளின் அடியில் பால் வழவழப்பு ஒட்டியிருந்தது, விரலை விட்டுப் பார்த்தேன். கை தன்னால் தேய்க்கிற நாரை நோக்கிப் போனது. பதினான்கு வருடப் பழக்கம். நாரைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்: “இன்னும் வழவழன்னு இருக்கு பாரு, மறுபடி தேய்.” மகள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். உதவி செய்யப் போனவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அவன் தேய்த்து முடிக்கிற வரை நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.