விழியின் மற்றொரு தொழில்

கண் எதற்கு என்று வினவினால், பார்ப்பதற்கு என்றே எவரும் விடையிறுப்பர். மருத்துவ நூல்களும் நெடுங்காலம் அவ்வளவே கூறிவந்தன. ஆயினும், காட்சியோடு தொடர்பற்ற வேறொரு தொழிலும் கண்ணுக்கு உண்டு. பொழுது இன்னதென்று உடலுக்கு அறிவிப்பதே அத்தொழிலாகும்.

1962 ஆம் ஆண்டில் மிசேல் சிப்ர் என்னும் பிரெஞ்சு நிலவியலாளர், ஆல்ப்சு மலைக் குகை ஒன்றினுள்ளே கடிகாரமின்றி இரண்டு மாத காலம் தனித்து வாழ்ந்தார். செப்டெம்பர் 14 ஆந் தேதி அவரை வெளியே அழைத்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே அவர் எண்ணியிருந்தார். மனம் இருபத்தைந்து நாட்களைத் தொலைத்துவிட்டது, உடலோ தொலைக்கவில்லை. ஏறக்குறைய 24½ மணிக்கு ஒரு முறை அவர் உறங்கி விழித்தமை வெளியே இருந்தவர்களின் குறிப்புகளிலிருந்து தெரியவந்தது.

நம் அனைவரிடமும் இக்கடிகாரம் உண்டு. 1999 இல் அமெரிக்காவில் கவனமாக அளந்து பார்த்தபோது, அதன் சுற்று சராசரியாக 24 மணி 11 நிமிடம் எனக் கண்டனர். நாள்தோறும் பதினொரு நிமிடம் பிந்தும் கடிகாரத்தை நாள்தோறும் திருத்த வேண்டுமன்றோ? அதனைத் திருத்துவது ஒளி.

இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்புறத்தில், ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்கள் கொண்ட சிறு திரள் ஒன்று இருக்கின்றது. அதுவே தலைமைக் கடிகாரம். அதன் ஒவ்வொரு கலத்திலும் சில பரம்பரையலகுகள் புரதங்களை ஆக்குகின்றன. அப்புரதங்கள் பெருகியதும், தம்மை ஆக்கிய அலகுகளையே அடக்கிவிடுகின்றன. பின் அவை சிதைந்து குறைய, வேலை மீண்டும் தொடங்குகின்றது. இச்சுற்று முடிய ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். பழ ஈக்களிடம் இதனை ஆராய்ந்து விளக்கிய அமெரிக்கர் மூவருக்கு 2017 இல் நொபெல் பரிசு கிடைத்தது.

விழித்திரையில், காட்சிக்குரிய கலங்களைத் தவிர, மெலனோப்சின் என்னும் ஒளியுணர் பொருளைத் தம்முள் கொண்ட சில கலங்கள் உள. இவையே நேரடியாக ஒளியை உணர்கின்றன என்பது 2002 இல்தான் நிறுவப்பட்டது. நீலநிற ஒளிக்கே இவை மிகுதியாக இணங்கும். இவற்றின் நரம்பிழைகள் கடிகாரத் திரளிற் சென்று முடிந்து, ஆங்கே குளுத்தமேற்று என்னும் இரசாயனப் பொருளைச் சிந்துகின்றன. கடைகளிற் சுவையூட்டும் உப்பாக விற்கப்படுவதும் இதன் உப்பே. அதை அள்ளி உண்டால் கடிகாரம் திரும்புமோ என்று மாணவர் எவரும் கேட்க வேண்டா; உண்ட குளுத்தமேற்று இரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதிற் புகாது.

குளுத்தமேற்று வந்து சேர்ந்ததும் கலத்தின் வாயில் திறந்து கல்சியம் உட்புகும். அதன் விளைவாக அந்தப் பரம்பரையலகுகளுள் ஒன்று தூண்டப்படும். இங்கேதான் நாம் வியக்கின்றோம். தூது ஒன்றே, ஆனால் அது வரும் வேளைக்கேற்பப் பொருள் மாறுகின்றது. நண்பகலில் அந்த அலகு முன்னரே வேலை செய்துகொண்டிருப்பதால் பெரிய மாற்றம் விளைவதில்லை. முன்னிரவில் அது ஓயத் தொடங்கும்போது தூது வந்தால், மாலை நீண்டதாகக் கொண்டு கடிகாரம் பிந்துகின்றது. விடியற்புறத்தில் வந்தாலோ, காலை வந்துவிட்டதெனக் கொண்டு முந்துகின்றது. செய்தியை முதலிற் பெற்ற கலங்கள் வேறு இரசாயனப் பொருள்களால் அதனை அயற்கலங்களுக்கும் அறிவிக்கின்றன.

பரீட்சைக் காலத்தில் நள்ளிரவுவரை பிரகாசமான விளக்கின் கீழ் அமர்ந்திருக்கும் மாணவன் மறுநாட் காலையில் எழ இயலாமைக்கு இதுவும் ஒரு காரணம். அவனைச் சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் பெற்றோர் இதனை நினைவிற் கொள்வாராக.

மாணவனைக் காட்டிலும் பெரிய துன்பம் பார்வையற்றோருடையது. 1995 இல் வெளியான ஆய்வொன்றில், ஒளியைச் சிறிதும் காணாத சிலருடைய கண்களிற் பிரகாசமான ஒளி பாய்ச்சியபோது, இரவில் ஊறும் மெலற்றோனின் என்னும் ஓமோன் அவர்களது இரத்தத்திற் குறைந்தது. காட்சிக் கலங்கள் மடிந்தும் பொழுதறியும் கலங்கள் பிழைத்திருந்தமையே இதற்குக் காரணம் எனலாம். ஆகவே, பயனற்றதெனத் தோன்றும் கண்ணை அழகு கருதி மட்டும் நீக்க எண்ணுவோர், அது பொழுதை அறிகின்றதா என்று முதலிற் சோதிப்பித்தல் வேண்டும் என்பது எமது கருத்து. நோயும் வலியும் மிகுந்த கண்ணின் செய்தி வேறு.

இரு கண்களையும் முற்றாக இழந்தோருட் பலருக்குக் கடிகாரம் தன்போக்கில் ஓடுகின்றது. நாளுக்கு அரை மணி பிந்தும் ஒருவர், சில நாட்கள் இரவில் நன்றாக உறங்குவார். இருபத்துநான்கு நாட்கள் சென்றபின் உறக்கம் நண்பகலில் வந்து நிற்கும். மேலும் இருபத்துநான்கு நாட்களில் மீண்டும் இரவுக்குத் திரும்பும். உடனிருப்போர்க்கு இது விளங்குவதில்லை. இத்தகையோர் எழுவருக்கு நாள்தோறும் உறங்கச் செல்லுமுன் மெலற்றோனினைக் கொடுத்துப் பார்த்தனர்; அறுவருடைய கடிகாரம் 24 மணிக்கு இசைந்தது. அம்முடிவு வெளியானது 2000 ஆம் ஆண்டில்.